பழைய ஜே.சி.பி. இயந்திரம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை, வாங்கியபின் செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசியில் ஏரிகள் வற்றியதும் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் வண்டல் அள்ளும் வேலை தொடங்கிவிடுகிறது. அதனையடுத்து மல்லாட்டை விதைப்புக்கு முன்பாகக் கொல்லைக்கு எரு அடித்தாக வேண்டும். வரப்பைத் தூக்கிப் போடவேண்டும், கிணற்றிலிருந்து குழாய் புதைக்கக் கால்வாய் எடுக்கவேண்டும், இடமிருந்தால் பண்ணைக்குட்டை வெட்டவேண்டும். மண்வெட்டியும் கூடையுமாகப் பத்துப் பேர் செய்துவந்த இவ்வேலைகளை இன்று பெரும்பாலும் முன்புறம் அள்ளும் வாளியும் பின்புறம் தோண்டும் கையும் கொண்ட மஞ்சள் நிற இயந்திரமே செய்து முடிக்கிறது.

புது இயந்திரத்தின் விலை சிறு விவசாயிக்கு எட்டாதது. ஆகவே இரண்டு மூன்று பங்காளிகள் சேர்ந்தோ, ஓட்டத் தெரிந்த மகனை நம்பியோ, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய இயந்திரத்தை வாங்குகிறார்கள். நகையை அடகு வைத்து வாங்குவோரும் உண்டு. இயந்திரம் ஆறு மாதத்தில் பட்டறை வாசலில் நின்றுவிட்டாலும் வட்டி நிற்பதில்லை. பழைய இயந்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிச் செப்பனிடுவது, அன்றாட வேலைக்கு எப்படித் தயாராக வைத்திருப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஜே.சி.பி. என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயரிலுள்ள மூன்று முதல் எழுத்துகள். 1945-ல் ஒரு சிறு கொட்டகையில், போரில் மிஞ்சிய பழைய இரும்பைக் கொண்டு பண்ணைக்கான டிரெய்லர் ஒன்றைச் செய்து விற்றுத் தொழில் தொடங்கியவர் அவர். 1953-ல் முன்வாளியும் தோண்டும் கையும் ஒரே டிராக்டரில் அமைந்த இயந்திரத்தை வெளியிட்டார். இந்தியாவில் 1979-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக அரியானா மாநிலம் பல்லப்கரில் தொழிற்சாலை அமைந்தது. வேறு நிறுவனங்களும் இதே வகை இயந்திரங்களைச் செய்து விற்றுள்ளன என்றாலும், நம் மக்கள் எல்லாவற்றையும் ஜே.சி.பி. என்றே அழைக்கிறார்கள். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் பெயரான பொக்லைன் சங்கிலிச் சக்கர இயந்திரத்துக்குப் பொதுப் பெயராகிவிட்டதைப் போலத்தான் இதுவும். கீழே கூறுபவை எந்த நிறுவனத்தின் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

வாங்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நலம். சொந்த வேலைக்கு மட்டும் என்றால் நாலைந்து ஏக்கர் உள்ளவருக்கு வருடத்தில் முப்பது நாற்பது மணி நேர வேலைகூட இருக்காது. வேளாண்மைப் பொறியியல் துறையே நில மேம்பாட்டுப் பணிகளுக்குக் குறைந்த வாடகையில் இயந்திரங்களை அனுப்பிவைக்கிறது. அதற்கு முன்பதிவு செய்துவிட்டு முறை வரும்வரை காத்திருந்தால் போதும். சுற்றுக் கிராமங்களில் வாடகைக்கு ஓட்டி, வருடத்துக்கு அறுநூறு எழுநூறு மணி நேரமாவது வேலை பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை உள்ளவர்களே சொந்தமாக வாங்க யோசிக்கலாம் என்பது என் கருத்து.

கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். சராசரி வேலையில் மணிக்கு நாலைந்து லிட்டர் டீசல் ஆகும். ஓட்டுநர் சம்பளமும் பேட்டாவும், ஆயில், கிரீஸ், டயர்த் தேய்மானம், காப்பீடு, கடன் வட்டி ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். இவற்றோடு ஒவ்வொரு மணி வாடகையிலும் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். இந்தப் பங்கை எடுத்து வைக்காதவர்கள்தான் முதல் பெரிய பழுதிலேயே இயந்திரத்தை விற்றுவிடுகிறார்கள்.

பார்க்கும் முறை

விற்பவர்கள் இயந்திரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். புதுப் பெயின்டைக் கண்டால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். பூம் எனப்படும் பெரிய கையின் அடிப்பக்கம், அதனை அடுத்த சிறு கையின் இரு முனைகள், முன்வாளிக் கைகள் சட்டத்தில் சேருமிடம், பின்புற ஜாக்கிக் கால்களின் மேற்பகுதி ஆகியவற்றைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். விரிசலோ, பட்டை வைத்து வெல்டிங் செய்த தடமோ தென்பட்டால் காரணத்தைக் கேட்க வேண்டும். ஒழுங்காக வெல்டிங் செய்த ஒரு விரிசல் பெரிய குறையல்ல. ஒரே இடத்தில் பட்டை மேல் பட்டை ஏறியிருந்தால் அந்த இயந்திரம் கல் குவாரியில் அடிபட்டது என்று கொள்ளலாம்.

மணி காட்டும் மீட்டரை முழுவதும் நம்புவதற்கில்லை. அதனை மாற்றிவிடுவது எளிது. மிதிகளின் ரப்பர், இருக்கை, நெம்புகோல்களின் கைப்பிடி இவற்றின் தேய்மானம் மீட்டர் சொல்லும் கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இயந்திரத்தைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் போதே சென்று பாருங்கள். நாம் போகுமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் அன்று திரும்பிவிட்டு இன்னொரு நாள் போகலாம். குளிர்ந்த நிலையில் உடனே கிளம்பவேண்டும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்து, குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம்.

எஞ்சினைவிட முக்கியமானவை பின்-புஷ் இணைப்புகள். கைகளும் வாளியும் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் இரும்பு முளையும், அது சுழலும் உறையும் உள்ளன. வாளியைத் தரையில் ஊன்றி, மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு மூட்டாகக் கவனியுங்கள். கை நகருமுன் மூட்டு மட்டும் தனியே ஆடினால் அங்கே தேய்மானம் இருக்கிறது. பின்கை வலமும் இடமும் திரும்பும் கிங் போஸ்ட் என்ற பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். சென்ற கோடையில் வயல்வெளி ஒன்றில் குட்டை வெட்டிக்கொண்டிருந்த பழைய இயந்திரத்தின் பின்கை ஒவ்வொரு திருப்பத்திலும் 'டொக்' 'டொக்' என்று அடித்தது. இரண்டு வயல் தள்ளி நின்ற எனக்கே அது கேட்டது. ஓட்டியவர் காது பழகிவிட்டதால் அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

அடுத்து, முன்வாளி நிறைய மண் அள்ளித் தூக்கச் சொல்லி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆட்கள் எட்ட நிற்க வேண்டும். சில நிமிடங்களில் வாளி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சிலிண்டருக்குள் சீல் போய்விட்டது அல்லது கட்டுப்பாட்டு வால்வு கசிகிறது. ஜாக்கிக் கால்களையும் இவ்வாறே சோதிக்கலாம். இவற்றையெல்லாம் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு மறுபடி ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது மறைந்திருக்கும் குறைகள் சூட்டில் வெளிவரும். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும்போது கியர் உடனே பிடிக்கவேண்டும். போட்டபின் சற்று யோசித்துக் கிளம்பினால் கியர்ப்பெட்டியில் செலவு காத்திருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். முந்தையவர் வாங்கிய கடன் தீர்ந்து, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவு செய்து பதினைந்து ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தால் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இன்னொரு விஷயம். 2021-ல் நடைமுறைக்கு வந்த புகை விதிகளுக்குப் பின் செய்யப்பட்ட இயந்திரங்களில் டீசல் செலுத்துவதை மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. அதற்கு முந்தைய பெரும்பாலான இயந்திரங்களில் பழைய பாணிப் பம்ப்தான். நம்மூர் மெக்கானிக் திறந்து பார்க்கக் கூடியது அது. அந்த வகையில் பழையதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

செலவு செய்யும் வரிசை

வாங்கியவுடன் பலர் சீட்டு உறை, பாட்டுப்பெட்டி, பெயின்ட் என்று தொடங்குகிறார்கள். கையிலுள்ள பணத்தை முதலில் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன் இவற்றுக்குச் செலவிடவேண்டும். ஏழரை டன் எடையுள்ள இயந்திரம் திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் பேருந்துகளுக்கு நடுவே ஓடவேண்டியது என்பதை மறந்துவிடக் கூடாது. அடுத்ததாக எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சு, ஹைட்ராலிக் ஆகிய எல்லா ஆயில்களையும் ஃபில்டர்களையும் ஒருமுறை மாற்றிவிட்டு, தேதியையும் மீட்டர் மணியையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். முந்தையவர் எப்போது மாற்றினார் என்று விசாரித்துக்கொண்டிருப்பதைவிட இது மலிவு.

பிறகு பின்-புஷ். இதில் காலம்தான் பணம். உறை மட்டும் தேய்ந்திருக்கும்போது மாற்றினால் இரண்டு மூன்று மணி நேர வாடகைக்குள் ஒரு மூட்டின் வேலை முடிந்துவிடும். ஆட்டம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் முளை, உறையைத் தின்று தீர்த்தபின் கையிலுள்ள துளையையே தின்னத் தொடங்கும். வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அதற்குப் பிறகு புது புஷ் அடித்தாலும் நிற்காது. துளைக்குள் வெல்டிங் நிரப்பி, லைன் போரிங் இயந்திரம் கொண்டுவந்து, இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி கடைய வேண்டும். செலவு பல மடங்காகிவிடும். இயந்திரமும் நாட்கணக்கில் நிற்கும். முட்டைத் துளையில் தகரத் துண்டைச் சொருகி ஓட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நாலு நாள் வைத்தியம்.

எஞ்சினைப் பிரிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். சக்தி குறைந்திருப்பதாகத் தோன்றும் பல இயந்திரங்களில் அடைபட்ட காற்று ஃபில்டரோ, டீசல் ஃபில்டரோதான் காரணமாக இருக்கும்.

காலை வேலை

பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அதாவது தினமும், எல்லா நிப்பிள்களிலும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஏரி வண்டலிலும் சேற்றிலும் வேலை செய்யும் நாட்களில் மதியமும் ஒருமுறை அடிப்பது அவசியம். நம் பகுதிச் செம்மண்ணில் கலந்துள்ள பொடி மணல் மூட்டுக்குள் புகுந்தால் அரம் போல அறுக்கும். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் கன்னை வைக்கவேண்டும். துடைக்காமல் அடித்தால் மேலிருக்கும் மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வரும்வரை அடிக்கவேண்டும். எங்காவது ஏறவில்லையெனில் அந்த நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். பூமின் உள்பக்கத்திலும் கிங் போஸ்டின் அடியிலும் கைக்கு எட்டாத நிப்பிள்கள் இருக்கும். பெரும்பாலும் முதலில் தேய்ந்து போகும் மூட்டுகள் அவைதான்.

அதே சமயத்தில் எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்து விட வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை. இதைச் சம்பள ஓட்டுநரிடம் விட்டுவிடாமல் உடைமையாளர் கூடவே நின்று பார்ப்பது நல்லது.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாலு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது ஏறத்தாழ 4,000 லிட்டர் காற்றை ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இழுக்கிறது. வைகாசிப் புழுதியில் அந்தக் காற்றோடு எவ்வளவு மண் வரும் என்று எண்ணிப் பாருங்கள். வெளி ஃபில்டரை டயரில் தட்டித் தூசி எடுப்பது பெருந்தவறு. மடிப்புத் தாள் கிழிந்துவிடும். காற்றடிக்கும்போது உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது. காலம் வந்ததும் மாற்ற வேண்டியதுதான். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயின் பட்டி தளர்ந்திருந்தால் எத்தனை நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே மல்லாட்டைச் சருகும் வைக்கோல் தூசியும் அடைந்தால் எஞ்சின் மட்டுமன்றி ஹைட்ராலிக் ஆயிலும் கொதிக்கும். வாரம் ஒருமுறை காற்றடித்து நீக்குங்கள்.

ஹைட்ராலிக் ஆயில்

மோட்டார் சைக்கிள் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது ராத்தல் அளவில் காற்றழுத்தம் இருக்கும். இந்த இயந்திரத்தின் ஆயில் குழாய்களில் அது மூவாயிரத்துக்கும் மேல். பம்பிலும் வால்வுகளிலும் உள்ள இடைவெளிகளோ தலைமுடியைவிட மெல்லியவை. எனவே ஆயிலில் கலக்கும் தூசிதான் இங்கே முதல் எதிரி. ஹோஸ் ஒன்று வெடித்துக் கழற்றினால் திறந்த முனைகளை உடனே சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். ஆயில் ஊற்றும் புனலும் டின்னும் வேறு எதற்கும் பயன்படாமல் மூடி வைத்திருக்க வேண்டும். கையேட்டில் சொல்லியுள்ள தரத்தையே ஊற்றுங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள். ஆயில் பால் போல் வெளுத்தால் தண்ணீர் கலந்துள்ளது. கருகிய நெடி வந்தால் அதிகச் சூடு கண்டுள்ளது. இரண்டிலும் ஆயிலை மாற்றுவதோடு காரணத்தையும் கண்டறிய வேண்டும்.

இழுவை போதவில்லை என்று சில மெக்கானிக்குகள் அழுத்தம் விடுவிக்கும் வால்வைத் திருகி இறுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் இயந்திரம் புலி போல் வேலை செய்யும். பிறகு ஹோஸும் சீலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அழுத்தமானி இல்லாமல் அந்த வால்வைத் தொட யாரையும் அனுமதிக்கக் கூடாது.

கசிவைக் கையால் தடவித் தேடுவது உயிருக்கே ஆபத்தானது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல்தான் தெரியும், வலியும் அதிகமிராது. ஆனால் சில மணி நேரத்திலேயே உள்சதை அழுகத் தொடங்கி விரலையோ கையையோ எடுக்க நேரும். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் கசிவைத் தேட வேண்டும். யாருக்கேனும் இவ்வாறு பட்டுவிட்டால் மருந்து தடவிக்கொண்டிராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கொண்டுபோய், ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஓட்டும் முறை

மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தப் பின்வாளியைத் துடைப்பம்போல் பக்கவாட்டில் வீசுவதைப் பல இடங்களில் காணலாம். கிங் போஸ்டைக் கெடுக்க இதைவிட விரைவான வழி கிடையாது. சமப்படுத்த முன்வாளி இருக்கிறது. நம் பகுதியில் நாலைந்து அடி தோண்டியதும் சரளையும் அதன்கீழ் பாறையும் தட்டுவது வழக்கம். பாறை தட்டிய இடத்தில் பல்லை வைத்து நெம்பாமல் நிறுத்திவிட வேண்டும். மழுங்கிய பற்களோடு தோண்டினால் டீசல் கூடுதலாகும். பல் தேய்ந்து அதைத் தாங்கும் அடிப்பகுதி தேயுமுன் மாற்றிவிடுங்கள்.

முன்வாளியைத் தூக்கி வைத்து அதன் கீழே வேலை பார்க்க நேர்ந்தால் பாதுகாப்புத் தாங்கியைச் சிலிண்டர் ராடின் மேல் பொருத்திய பின்பே கீழே செல்ல வேண்டும். பழைய இயந்திரங்களில் இந்தத் தாங்கி காணாமல் போயிருக்கும். முதல் வாரத்திலேயே ஒன்று வாங்கிவிட வேண்டும். பழைய கல் கட்டுக் கிணறுகளின் விளிம்பருகே இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. மேல்மண் தளர்ந்திருக்கும். பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும் இடத்தில் பூமைத் தூக்கும்போது ஒருவர் கீழே நின்று கண்காணிக்க வேண்டும்.

வண்டல் வேலைக்குப் போகுமுன் அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்கும் ஏற்பாடு வந்துள்ளது. விவசாயத்துக்கு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று அளவும் உண்டு. அனுமதியின்றி மண் எடுத்தால் 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி இயந்திரத்தையே பறிமுதல் செய்யலாம். இரவில் வந்து இரட்டை வாடகை தருகிறேன் என்று அழைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இதனால்தான். அவர்கள் மறுநாள் வேறு இயந்திரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கடன் தவணை உங்கள் பெயரில் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை குறைந்து இயந்திரம் வாரக்கணக்கில் நிற்கும். அப்போது மண்ணைக் கழுவிவிட்டு மேடான இடத்தில் நிறுத்தி, வாளிகளைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும். சிலிண்டர் ராடுகளில் எந்தப் பகுதி வெளியே தெரிகிறதோ அதில் கிரீஸ் தடவ வேண்டும். பளபளப்பான அந்த மேற்பரப்பில் துருப்புள்ளி விழுந்தால் அதுவே சீலை அறுத்துவிடும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. டீசல் டாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே நீர்த்துளி கோப்பது குறையும். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வையுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை மாட்டி, எஞ்சினை ஓட்டி, எல்லாக் கைகளையும் முழு நீளத்துக்கு நீட்டி மடக்கியபின் ராடுகளில் மறுபடி கிரீஸ் தடவி நிறுத்தினால், தை பிறந்து வேலை வரும்போது மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியிராது.